பிள்ளைப் படிப்பும் வருமான வரியும்: சம்பளக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு ஜனவரியும் எங்கள் அலுவலகத்தில் "முதலீட்டு ஆதாரங்களைக் கொடுங்கள்" என்று ஒரு மின்னஞ்சல் போகும். அனுப்புவது நான்தான். சம்பளக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மறுநாள் காலையிலிருந்து என் மேஜைக்கு எதிரே இருக்கும் நாற்காலி காலியாகவே இருக்காது. பேச்சு வரியில் ஆரம்பிக்கும். ஐந்தாவது நிமிடம் பள்ளிக்கூட ஃபீஸுக்கு வந்துவிடும். அப்படி வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வரிக் கணக்கெல்லாம் 2025-26 நிதியாண்டுக்கானது. 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வருவதால் பிரிவு எண்கள் மாறும். எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே இங்கே தந்திருக்கிறேன்.

12 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார்கள். அப்புறம் நடுத்தரக் குடும்பத்துக்கு என்ன குறை?

வரி இல்லை என்பது உண்மைதான். பழையது, புதியது என்று இரண்டு வரி முறைகள் உண்டு; எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அதற்குமேல் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் ஒரு படி: 5, 10, 15, 20, 25 சதவீதம். 24 லட்சத்தைத் தாண்டினால் 30. வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், வருகிற 60,000 ரூபாய் வரியையும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு (ஆதாரம் கேட்காமலே சம்பளத்தில் கழிக்கும் தொகை) தனியாக உண்டு. ஆக, 12,75,000 ரூபாய் சம்பளம் வரை வரி பூஜ்ஜியம். எங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு மேல் இதில் அடங்கிவிட்டார்கள். இதைக் குறை சொன்னால் நன்றிகெட்ட பேச்சாகிவிடும்.

ஆனால் இந்தச் சலுகையோடு இன்னொன்றும் சத்தமில்லாமல் நடந்தது. பழைய முறையில் பிள்ளையின் ஃபீஸுக்கும் படிப்புக் கடன் வட்டிக்கும் கழிவு உண்டு. புதிய முறையில் இரண்டும் இல்லை. மேன்ஷனில் தங்கியிருக்கும் இளைஞரும், இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிற அப்பாவும் ஒரே சம்பளம் வாங்கினால் ஒரே வரிதான். வரிக் கணக்கிலிருந்து பிள்ளைகளைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். என் வருத்தம் அங்கேதான்.

12,75,000ஐத் தாண்டிவிட்டால் மொத்தமாக வரி விழுமா? இன்கிரிமென்ட்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம், வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் 12,85,000 என்றால் வரிக்குரிய வருமானம் 12,10,000. படிக் கணக்கில் வரி 61,500. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடியதோ அதற்குமேல் வரி போகக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. கூடியது 10,000, எனவே வரி 10,000, செஸ் (வரியின் மேல் 4 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பது) 400. அதாவது கூடுதலாகக் கிடைத்த பணம் கைக்கு வராமல் போகும், முன்பு இருந்தது குறையாது. (400 குறையும்தான்; அதற்காக யாரும் இன்கிரிமென்ட்டை வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.)

பிள்ளைக்கு நிறைய ஃபீஸ் கட்டுகிறேன். பழைய முறை லாபமா, புதியதா?

பெரும்பாலும் புதியதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சம்பளம் 15 லட்சம். புதிய முறையில் நிலைக்கழிவு போக 14,25,000. வரி 93,750; செஸ் சேர்த்து 97,500.

பழைய முறையில் நிலைக்கழிவு 50,000, 80சி பிரிவில் (பிஎஃப், எல்ஐசி, ஸ்கூல் ஃபீஸ் போன்றவற்றுக்கான கழிவு) முழு 1,50,000, வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 என்று எல்லாவற்றையும் கழித்தாலும் 10,75,000 நிற்கும். வரி 1,35,000, செஸ்ஸோடு 1,40,400. வீட்டுக்கடன் வைத்திருப்பவருக்கே இந்த நிலை. சென்னையில் பெரிய வாடகை கொடுத்து வீட்டு வாடகைப்படி கழிவும் நிறைய வாங்குகிறவர், அல்லது படிப்புக் கடன் வட்டி அதிகம் கட்டுகிறவர் மட்டும் இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்கலாம். சம்பளக்காரர்கள் வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கடைசித் தேதி தாண்டி ரிட்டர்ன் போட்டால் பழைய முறை கிடைக்காது.

80சி-யில் ஸ்கூல் ஃபீஸ் முழுதும் காட்டலாம்தானே?

சட்டம் சொல்வது கற்பிப்புக் கட்டணம் மட்டும். இரண்டு பிள்ளைகளுக்கு, இந்தியாவுக்குள் முழுநேரப் படிப்புக்கு. எல்கேஜி கூட சேரும். வேன், ஹாஸ்டல், வளர்ச்சி நிதி, நன்கொடை எதுவும் சேராது. நீட் கோச்சிங், சாயங்கால டியூஷன் ஆகியவற்றுக்கும் இடமில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அந்த 1,50,000 ஃபீஸுக்கு மட்டும் ஒதுக்கிய இடமில்லை. பிஎஃப், எல்ஐசி, வீட்டுக்கடன் அசல் எல்லாம் அதே பெட்டிக்குள்தான் போக வேண்டும். 15 லட்சம் சம்பளத்தில் அடிப்படைச் சம்பளம் பாதி என்று வைத்தால், 12 சதவீத பிஎஃப் மட்டும் 90,000. மிச்சம் 60,000. இந்த உச்சவரம்பை 1 லட்சத்திலிருந்து 1,50,000 ஆக்கியது 2014இல். அன்று எல்கேஜியில் சேர்ந்த குழந்தை இப்போது பிளஸ் ஒன்னை நெருங்கிவிட்டது. வரம்பு மட்டும் இன்னும் எல்கேஜியிலேயே இருக்கிறது.

ரசீது பற்றியும் ஒரு வார்த்தை. என் மகள் படித்த பள்ளியில் ஒரு வருடம் முழுக்க "கட்டணம்" என்று ஒற்றை வரியில் ரசீது கொடுத்தார்கள். பிரித்துக் கேட்டால், "எல்லோரும் இதைத்தான் சார் வாங்கிட்டுப் போறாங்க" என்றார் கவுன்டரில் இருந்தவர். கடைசியில் கற்பிப்புக் கட்டணத்தைத் தனியாகக் காட்டி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், அதற்குள் மார்ச் முடிந்துவிட்டது. ஜூனிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

கல்விப்படி என்று சம்பளத்தில் ஒரு வரி இருக்கிறதே, அதற்கு விலக்கு உண்டா?

உண்டு, பழைய முறையில். ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய், ஹாஸ்டலுக்கு 300. தட்டச்சுப் பிழை இல்லை, நூறுதான். 1990களில் வைத்த தொகை 2025-26 கணக்கிலும் அப்படியே நிற்கிறது. எங்கள் தெரு வேன் டிரைவருக்குப் பொங்கல் இனாமே அதைவிட அதிகம் கொடுக்கிறோம்.

இதே மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாய் கல்விப்படி கொடுத்துவந்தது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும், 2024 ஜனவரி முதல் அது 2,812 ரூபாய் 50 பைசா ஆனது. ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க என்ன ஆகும் என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. சம்பளம் தரும்போது ஒரு கணக்கும் வரி வாங்கும்போது இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது.

எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் சம்பாதிக்கிறேன். பக்கத்து வீட்டில் இருவரும் வேலைக்குப் போகிறார்கள். மொத்த வருமானம் ஒன்றுதான், வரி ஏன் வேறு?

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆறுதலான பதில் கிடையாது. ஒருவரே 17 லட்சம் வாங்கினால் வரி 1,30,000. கணவனும் மனைவியும் ஆளுக்கு எட்டரை லட்சம் வாங்கினால் பூஜ்ஜியம். நம் நாட்டில் வரி ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. மனைவி பெயரில் டெபாசிட் போட்டாலும், பணம் உங்களுடையது என்றால் அதன் வட்டி உங்கள் கணக்கிலேயே வந்து சேரும்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1955-56 பட்ஜெட்டில் திருமணமானவருக்கு 2,000 ரூபாய், ஆகாதவருக்கு 1,000 ரூபாய் என்று வரியில்லா வரம்பை வேறுவேறாக வைத்தார்கள். சில ஆண்டுகள் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தும் வரம்பு கூடியது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் தம்பதிகள் சேர்ந்து கணக்குக் காட்டலாம். பிரான்ஸில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கணக்கில் வரும். 2025 பட்ஜெட்டுக்கு முன் பட்டயக் கணக்காளர் கழகமும் தம்பதிகளுக்குக் கூட்டுக் கணக்கு முறையைக் கேட்டது, வரவில்லை.

எனக்கு அதில் முழுச் சம்மதமும் இல்லை. கூட்டுக் கணக்கு வந்தால், வீட்டிலிருக்கும் பெண் வேலைக்குப் போக நினைக்கும்போது அவருடைய முதல் ரூபாயே கணவரின் உயர்ந்த படியில் போய் விழும். "நீ போய்ச் சம்பாதித்து என்ன மிச்சம்" என்று சொல்ல வீட்டில் ஒரு காரணம் கூடிவிடும். பிள்ளைக்கு இவ்வளவு என்று வரியிலேயே கழித்தால் அந்தச் சிக்கல் வராது.

உதவித்தொகைக்குப் போனால் "உங்களுக்கு வருமானம் அதிகம்" என்கிறார்கள். யார்தான் ஏழை?

எந்த கவுன்டரில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கட்டாயக் கல்விச் சட்டத்தில் நலிவடைந்த பிரிவு என்றால் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள். மத்திய அரசின் படிப்புக் கடன் வட்டி மானியத்துக்கு நாலரை லட்சம்; 2009இல் வைத்த வரம்பு, இன்றுவரை அசையவில்லை. மத்திய இட ஒதுக்கீட்டில் கிரீமி லேயருக்கும் (பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர்கள் என்று விலக்கப்படுபவர்கள்), 2019இல் வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 சதவீதத்துக்கும் 8 லட்சம். வருமான வரித் துறைக்கு 12 லட்சம்.

முன்பு இது இன்னும் வேடிக்கையாக இருந்தது. 8 லட்சம் வரை "நலிந்தவர்" என்று ஒரு துறை சொல்லும். இரண்டரை லட்சத்தைத் தாண்டினாலே இன்னொரு துறை வரி வரம்புக்குள் இழுக்கும். 2022இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒருவர் இதைக் கேட்டே வழக்குப் போட்டார். 8 லட்சம் வரை ஏழை என்றால் அவரிடம் ஏன் வருமான வரி என்று கேட்டார். மத்திய அரசுக்கு நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.

இந்த வரம்புகள் எல்லாம் செங்குத்துச் சுவர்கள். வரியில் 12 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சாய்வு வைத்திருக்கிறார்கள் என்று மேலே பார்த்தோம். வட்டி மானியத்தில் அப்படி எதுவும் கிடையாது. நாலரை லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடினால் மொத்தமும் போய்விடும். மாதம் 40,000 வாங்கும் ஒருவரின் மகன் இன்ஜினீயரிங் படித்தால், அவர் அந்தச் சுவருக்கு வெளியே நிற்கிறார். அதே நேரம் அவருக்கு வருமான வரியும் இல்லை. அதனால் வரிச் சலுகை எதைக் கொடுத்தாலும் அவருக்கு ஒரு பைசா மிச்சமாகாது. இரண்டு பக்கமும் கைவிடப்பட்டவர் அவர்தான். 15 லட்சம் வாங்குகிறவர் என் மேஜைக்கு வந்து புலம்பும்போதெல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

தனியார் பள்ளியில் 25 சதவீத இடம் ஏழைகளுக்கு மட்டும்தானே?

பலர் இப்படி நினைத்தே விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. 2 லட்சம் வரம்பு "நலிவடைந்த பிரிவினருக்கு". "வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்" என்ற இன்னொன்றில் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பு, பழங்குடிக் குழந்தைகள் வருவார்கள். சாதிச் சான்றிதழ் போதும், வருமான வரம்பு கிடையாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியாக இருக்க வேண்டும், நுழைவு வகுப்பில் சேர வேண்டும், சிறுபான்மைப் பள்ளிகளுக்குச் சட்டம் பொருந்தாது. எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும்; ஒன்பதாவதில் முழு ஃபீஸ் காத்திருக்கும் என்பதை இப்போதே மனதில் வையுங்கள். மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் 2025இல் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனது. அதற்குள் பல பெற்றோர் பணம் கட்டி வேறு பள்ளியில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

வரி கட்டுவது நாங்கள். சலுகையெல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கா?

இந்தக் கேள்வி கொஞ்சம் சூடாகவே வரும். முதலில், வரி கட்டுவது நாம் மட்டும் இல்லை. பல்பொடியும் செருப்பும் வாங்குகிற ஒவ்வொருவரும் ஜிஎஸ்டி கட்டுகிறார்கள். அரசுப் பள்ளிக் கதவும் நமக்கு மூடியில்லை. அங்கே யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. காலை உணவு, சைக்கிள், புத்தகம் எல்லாம் அங்கே அந்தந்த வகுப்பில் படிக்கிற எல்லாப் பிள்ளைக்கும்தான்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத இட ஒதுக்கீடு; 2021 முதல் இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றிலும். கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். ஆனால் அந்த முடிவை ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எடுத்தாக வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபிறகு "எங்களுக்கு ஏன் இல்லை" என்று கேட்டுப் பயனில்லை. என்னைக் கேட்டால், இதில் நியாயமாகப் புலம்பக்கூடியவர்கள் அரசு உதவிபெறும் பள்ளியில் பிள்ளைகளைச் சேர்த்தவர்கள். ஃபீஸ் குறைவு என்பதால் அங்கே சேர்த்தார்கள், 7.5 சதவீதத்தில் அவர்களுக்கு இடமில்லை.

முதல் பட்டதாரிச் சலுகைக்கும் வருமான வரம்பு உண்டா?

கிடையாது. குடும்பத்தில் அதற்குமுன் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். தாத்தா பாட்டியையும் கேட்பார்கள். கவுன்சிலிங் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான். இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள், கவுன்சிலிங் சமயத்தில் கூட்டம் தாங்காது.

படிப்புக்கு ஜிஎஸ்டி இல்லை என்றார்களே, கோச்சிங் சென்டரில் 18 சதவீதம் ஏன்?

விலக்கு பள்ளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட பட்டப்படிப்புக்கும்தான். கோச்சிங் வெறும் சேவை. ஒரு லட்சம் ஃபீஸ் என்றால் 18,000 வரி. நீட் எழுதாமல் டாக்டராக முடியாது என்று சட்டம் போட்டது அரசு. அந்தத் தேர்வுக்குத் தயாராவதை ஆடம்பரம் மாதிரி வரி போட்டு வாங்குவதும் அரசு. இது எனக்குச் செரிக்கவே இல்லை.

பள்ளி ஃபீஸில் வரி இல்லை என்பதும் மேலோட்டமான பேச்சு. பள்ளி வாங்கும் பெஞ்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஜிஎஸ்டி உண்டு. தன் ஃபீஸுக்கு வரி வசூலிக்காத பள்ளி அந்தத் தொகையைத் திரும்பப் பெற முடியாது. கடைசியில் அது ஃபீஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், ரசீதில் தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டு, பென்சில், ரப்பர் ஆகியவற்றுக்கு வரி நீங்கியது.

சம்பளச் சீட்டில் "ஹெல்த் அண்ட் எஜுகேஷன் செஸ்" என்று பிடிக்கிறார்களே, அது எங்கே போகிறது?

2004இல் தொடக்கக் கல்விக்கு என்று 2 சதவீதம், 2007இல் உயர்நிலை, உயர்கல்விக்கு என்று இன்னொரு 1 சதவீதம் வந்தது. 2018இல் இரண்டையும் எடுத்துவிட்டு, சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதம் ஆக்கினார்கள். 15 லட்சம் சம்பளக்காரருக்கு வருடம் 3,750 ரூபாய். பள்ளிகளை நடத்துவது பெரும்பாலும் மாநில அரசு. ஆனால் செஸ் பணத்தில் மாநிலத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. 2006-07 முதல் 2016-17 வரை உயர்நிலை, உயர்கல்வி செஸ்ஸாக வசூலான 83,497 கோடி ரூபாய்க்குத் தனி நிதியமே அமைக்கவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். படிப்புக்கு என்று பெயர் சொல்லி வாங்கிய பணம் பொதுக் கணக்கில் கலந்துவிட்டது.

காலேஜ் ஃபீஸுக்கு நகையை வைக்கலாமா, படிப்புக் கடன் வாங்கலாமா?

நம் வீடுகளில் முதலில் பீரோதான் திறக்கும். நகைக்கடன் அரை மணியில் கிடைக்கும், வங்கிக்குப் பத்து தடவை அலைய வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் நகைக்கடன் வட்டிக்கு வரிக் கழிவு இல்லை. சித்தப்பாவிடம் கைமாற்று வாங்கினாலும் இல்லை. வங்கியில் படிப்புக் கடனாக வாங்கினால் 80இ பிரிவில் வட்டி முழுவதையும் எட்டு வருடம் கழிக்கலாம், உச்சவரம்பே கிடையாது. பழைய முறையில் மட்டும், உண்மையில் கட்டிய வட்டிக்கு மட்டும். மகள் வேலைக்குப் போய் அவளே கட்டினால் கழிவும் அவளுக்கே.

பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை தொடங்காது. ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் இருக்கும் தரமான கல்லூரிகளில் இடம் கிடைத்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் தருகிறார்கள். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. நாலரைக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றவர்களுக்கு முதல்முறையாக ஒரு படி கிடைத்திருக்கிறது. கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கவுன்சிலிங்குக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

மகள் இன்னும் பத்து வயதுக்குள் என்றால் தபால் அலுவலகத்தில் செல்வமகள் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். 250 ரூபாயிலும் ஆரம்பிக்கலாம், முதிர்வுத் தொகைக்கு எந்த முறையிலும் வரி இல்லை. 18 வயதானதும் படிப்புக்குப் பாதி எடுக்கலாம்.

உங்களிடம் விட்டால் எதை மாற்றுவீர்கள்?

வரி வரம்பை மேலே தூக்கச் சொல்ல மாட்டேன். நாலரை லட்சம் என்ற சுவரை இடித்துவிட்டு, வருமானம் கூடக்கூட மானியம் மெல்லக் குறைகிற மாதிரி ஒரு சாய்தளம் கேட்பேன். புதிய முறையிலேயே பிள்ளைக்கு இவ்வளவு என்று வரியில் நேரடிக் கழிவு கேட்பேன். வரியே இல்லாதவருக்கு அந்தத் தொகை வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். எவ்வளவு தொகை என்று கேட்டால், தொடக்கத்துக்கு அந்த 2,812 ரூபாய் 50 பைசாவையே எல்லோருக்கும் கொடுக்கட்டும். கணக்கு அவர்களே போட்டதுதானே.